ஆஷ்கோம்பில் எஞ்சியவை

ஆஷ்கோம்ப், டோர்செட்
1931 மார்ச் 3

அன்புள்ள மேரியன்,

இத்தனை வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. வீட்டில் இப்போது நிற்பது கூடத்தின் வடக்குச் சுவரும், குளிர்காயும் பெரிய கணப்பும், பாதி மாடிப்படியும்தான். கல்லெல்லாம் தீயில் வெந்து சிவந்து கிடக்கிறது. மழை பெய்தால் இன்னும் கரி நாற்றம். நான் குதிரை லாயத்தில் படுத்துக்கொள்கிறேன்.

சுவருக்கு முட்டுக் கொடுக்க வந்த கொத்தனார் ஜெத்ரோ நேற்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா ஐயா? மாடி உத்தரத்தோட முனையப் புகைபோக்கிக்குள்ளயே சொருகியிருக்கானுங்க, அந்தக் காலத்துப் புண்ணியவானுங்க. கணப்பு நாள்கணக்கா எரிஞ்சா மரம் உள்ளுக்குள்ளயே கனன்னுக்கிட்டு இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது" என்றார்.

அப்படியானால் நம் பீட்ரிஸ் செத்தது நீ தொட்டிலருகே ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியால் அல்ல. இனி உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. வந்துவிடு.

உன் ஹியூபர்ட்

பிரைட்டன்
மார்ச் 8

ஹியூபர்ட்டுக்கு,

அக்கா வீட்டில் சுகமாக இருக்கிறேன். லாயத்தில் படுக்காதீர்கள், உங்கள் நெஞ்சுச் சளிக்கு ஆகாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாள்கணக்காக எரிந்தது எந்த நெருப்பு?

மேரியன்

ஆஷ்கோம்ப்
மார்ச் 11

அன்புள்ள மேரியன்,

உனக்குத் தெரியாததா? பண்டிகைக்குக் கூடத்துக் கணப்பில் ஏற்றும் பெரிய கிறிஸ்துமஸ் கட்டைதான். பன்னிரண்டு நாளும் அதை அணையவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முன்னோர் கட்டியதற்கு யார் என்ன செய்ய முடியும்? யார் மேலும் தவறில்லை. லாயத்தில் உனக்காக ஓர் அறை ஒழித்து வெள்ளையடித்திருக்கிறேன். எந்த ரயிலில் வருகிறாய்?

உன் ஹியூபர்ட்

பிரைட்டன்
மார்ச் 15

ஹியூபர்ட்டுக்கு,

அன்று, மாடியில் குழந்தையின் அறைச் சுவர் சுடுகிறது, கட்டையை அணைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "போடி பயந்தாங்கொள்ளி, கட்டை அணைஞ்சா குடும்பத்துக்கு ஆகாது" என்று விருந்தாளிகள் முன்னால் சிரித்தீர்கள். அடக்கம் செய்த அன்று ஊர் கேட்க என்னைக் கொலைகாரி என்றீர்கள். நானும் அதை நம்பினேன். அன்றிலிருந்து என் கையால் ஒரு தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை. அடுப்பைக்கூட அக்காதான் பற்றவைக்கிறாள்.

தவறு என்னுடையதாக இருந்தவரை அதற்கு என் பெயர் இருந்தது. உங்களுடையது என்று தெரிந்ததும் அது யாருடையதும் இல்லாமல் போய்விட்டது.

அந்த அறைக்கு நான் வர மாட்டேன். வருகிற ஞாயிறு பீட்ரிஸின் கல்லறைக்கு வருவேன். அன்று நீங்கள் அங்கே இருக்க வேண்டாம்.

மேரியன்