கடைசி சீட்டிலிருந்து ஒரு ரைட்

பெரியநைனா,

இன்று காலை உன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். துடைப்பதற்குப் பெரியம்மா உன் காக்கிச் சட்டையிலிருந்து ஒரு கையைக் கிழித்துக் கொடுத்தாள். எத்தனையோ முறை துவைத்த துணி. ஆனாலும் கையில் எடுத்ததும் டீசல் வாசனை வந்தது, அல்லது வந்ததாக எனக்குத் தோன்றியது.

என்னைப் பெற்ற நைனாவுக்கு நீ அண்ணன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் நீ பஸ் டிரைவர் வேலையிலிருந்து ரிடையர் ஆன பிறகு நடந்ததெல்லாம் என் காதில் விழுந்தது. டிப்போவில் மாலையும் சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளும் நீ விடியுமுன் எழுந்து, ஷேவ் செய்துகொண்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தாய்.

கோயில் பஜனையில் சேர்ந்தாய். இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டாய். சீட்டாடப் போய்ச் சண்டையோடு திரும்பினாய். தக்காளியை எட்ட எட்ட நட்டாய். "இன்னாண்ணா, நாத்துக்கு நடுவுல பஸ்ஸு திரும்பணுமா?" என்று நைனா சிரித்தார். அதற்குப் பிறகு நீ எதையும் தொடவில்லை. பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்து, "கிளட்ச்ச சாவடிக்கிறான் பாரு" என்று வைதுகொண்டிருந்தாய்.

பெரியம்மா உன்னை ஏசுவாள்: "முப்பது வருசம் வூடு தங்கல. இப்ப ரோட்ட பாத்துக்கினு குந்திக்கினே கீற. எதுனா ஒண்ணு செய்யுயா." பிறகு சுவரோரம் வந்து என் அம்மாவிடம் குரலை இறக்கிச் சொல்வாள்: "பாதி சோறு தட்டுலயே கீது. எனக்கு பயமா கீது."

ஒருநாள் நான் பட்டுப்புழுவுக்கு மல்பெரித் தழை அறுக்க நைனாவின் சைக்கிளில் கிளம்பியபோது நீ என்னை நிறுத்தினாய்.

"பாப்பா, ஒண்ணு சொல்றன். யாரண்டயும் சொல்லாத. எனக்கு சைக்கிள் வராது."

நான் நம்பவில்லை. முப்பது வருஷம் அத்தனை பெரிய பஸ்ஸை மலைப்பாதையில் ஓட்டியவன் நீ.

"சின்ன வயசுல வூட்ல சைக்கிள் இல்ல. அப்பால லாரில கிளீனர், நேரா ஸ்டேரிங். நடுவுல இது வுட்டுப்போச்சு. ரொம்ப நாளு ஆச. நீதான் வாய தொறக்கமாட்டியே, அதான் உன்னண்ட சொல்றன்."

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். நைனாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, புழுக்கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னோம். அது பாதி உண்மைதான். வீட்டில் தமிழ், ஆந்திராப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. வகுப்பில் எழுந்து நின்று தெலுங்குப் பாடத்தைப் படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. பின்பெஞ்ச் சிரிக்கும். அதை நான் வீட்டில் சொன்னதில்லை.

மல்பெரித் தோட்டத்துக்குப் பின்னால் வற்றிய ஏரியில் நான் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். நீ ஏறி உட்கார்ந்தாய். ஹேண்டிலைப் பிடித்தாய். நகரவேயில்லை. மூன்று நாள் அப்படியே போயிற்று.

"எவனாச்சும் ரைட்டு சொன்னாதான் எனக்கு காலு ஏறுது, பாப்பா. பழக்கம். நீ சொல்லு."

சொன்னேன்.

"இன்னா சொன்ன?"

மறுபடியும் சொன்னேன்.

"பக்கத்து சீட்டுக்கே கேக்காது. கடைசி சீட்லர்ந்து டிரைவருக்கு கேக்கணும், அதான் ரைட்டு."

நீ முன்னால் பார்த்தபடியே காத்திருந்தாய். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடையில் தழை சுருள ஆரம்பித்தது. வாடிய தழையைப் புழு தொடாது. கொட்டகையில் அது பசியோடு தலை தூக்கிக்கொண்டிருக்கும். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ரைட்! ரைட்! போ பெரியநைனா!"

கொக்குகள் எழுந்து பறந்தன. நீ போனாய். ஏரி முழுவதையும் வளைத்துக்கொண்டு, பஸ் திருப்புவது போல் அகலமாகத் திரும்பினாய். வேலிமுள் புதர் எதிரே வந்தபோது பிரேக் போட்டாய், காலால். வலது பெடலை உன் பலமெல்லாம் கொடுத்து மிதித்தாய். சைக்கிள் இன்னும் வேகமாகப் புதருக்குள் போயிற்று.

நான் ஓடிவந்தபோது நீ மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாய். "இன்னா வண்டி இது, பிரேக்க கைல வெச்சிகிறானுங்க!" சட்டையில் முள் எடுக்கும்போது பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நீ இரண்டாவது முறை சோறு கேட்டதால் அவள் திட்டவில்லை.

அடுத்த மாதமே உனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கினாய். தினமும் காலையில் ராமகுப்பம், ஒருநாள் விட்டு ஒருநாள் சாந்திபுரம். வழியில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் ஒரு நிமிஷம் நிற்பாய். "டிக்கெட்டும் குடுப்பியா?" என்று பெரியம்மா கேட்பாள். "உனக்கு ஃப்ரீ, ஏறிக்கோ" என்பாய். திரும்பி வந்து, எந்தக் கிணற்றில் தூக்கணாங்குருவி கூடு தொங்குகிறது, எந்தத் திருப்பத்தில் புளிய மரம் பூத்திருக்கிறது என்று சொல்வாய். "அத்தினி வருசம் அதே ரோடு. அப்ப ரோட்ட மட்டுந்தான் பாத்தன்."

ஆனால் நான் தோட்டத்திலிருந்து கத்தினால்தான் கிளம்புவாய். இரண்டு வருஷம் கத்தினேன். ஊருக்கே பழகிவிட்டது. ஒருநாள் நான் தாமதித்தபோது சொசைட்டிக்குப் பால் ஊற்றப்போன ஒரு அத்தை, "ரைட்டு சொல்லுடி, மனுசன் நிக்கிறாரு" என்று எனக்கே குரல் கொடுத்தாள்.

போன மார்கழியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். கடைசி வாரம்வரை நீ சைக்கிளில் போனாய், தட்டில் சோறு மீதமில்லை. பெரியம்மா இதைத்தான் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சைக்கிளை எனக்கே கொடுத்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் நான் நிற்பதில்லை. ஆனால் அங்கே வரும்போது கால் தானாக மெதுவாகிறது.

உனக்கு எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்லத்தான். போன வாரம் பலமனேரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். நான் கடைசி சீட்டில். ஒரு ஸ்டாப்பில் கூடையோடு ஒரு அம்மா படியில் ஒரு கால் வைத்திருந்தாள். கண்டக்டர் முன்னால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, பார்க்காமல் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது.

"ஆப்பண்டி! ஆப்பண்டி!"

நிறுத்துங்க என்று தெலுங்கில்தான் கத்தினேன், பெரியநைனா. பஸ் நின்றது. அந்த அம்மா ஏறினாள், கூடையும் ஏறிற்று. பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். கிளம்பாமல் காத்திருந்தார்.

"ரைட்" என்றேன்.

கடைசி சீட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்டது.