சப்பை ரோடு

ஏப்ரல் 28

ஆற்றங்கரை மகாராணிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கோபித்துக்கொண்டு வேலை மாற்றல் வாங்கிப் போனவர்கள் யாரும் இளைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உன் சாலை அலுவலகம் பள்ளத்தாக்கு முழுக்க சைக்கிள் பாதை போடுகிறதாம். ரோட்டில் அம்புக்குறி வரைந்து, திருப்பத்துக்குத் திருப்பம் பலகை நட்டு, பாலத்துக்குப் பாலம் பெஞ்சு போட்டு! ஏன், தலையணையும் வைத்துவிடுங்களேன். ஆற்றை ஒட்டி மேசை மாதிரி கிடக்கிற சப்பை ரோட்டில் ஓட்டுவதற்குப் பேர் சைக்கிள் ஓட்டுவதா? காய்கறிக் கூடையும் குழந்தை சீட்டும் மாட்டிக்கொண்டு போகிற சமாசாரம் அது. கணவாய் ஏறினால்தான் மனுஷன் சாயம் வெளுக்கும்.

வீட்டில் வாஷிங் மெஷின் ஒழுகுகிறது. கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண் நின்றுவிட்டாள். இப்போது பல் பிடுங்குவதும் நானே, பஞ்சு எடுத்துக் கொடுப்பதும் நானே.

ஒரு நல்ல சேதி. உன் தம்பி சைக்கிள் வாங்கியிருக்கிறான்! பேக்கரியில் மாவு பிசைந்து பிசைந்து அவனே ஒரு பன் மாதிரி ஆகிவிட்டான். இறுக்கமான டவுசரைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, “மாமா, என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்கிறான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எப்போது வருவதாக உத்தேசம்?

இன்னமும் உன் கணவன்

மே 6

மலைமேல் குடியிருக்கும் பல் டாக்டருக்கு,

நமஸ்காரம். வாஷிங் மெஷின் பின்னால் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அது கழன்றிருக்கும். குனிந்து மாட்டினால் போதும். உங்களுக்குக் குனிவது சிரமம் என்று தெரியும், இருந்தாலும் முயற்சி செய்யுங்கள்.

சப்பை ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் தொடங்குகிறோம். மர அறுவை ஆலை வரைக்கும் தண்ணீர் கூடவே வரும். அப்புறம் ரோடு கரையை விட்டு ஆப்பிள் தோட்டங்களுக்குள் ஏறும். ஏற்றமே இல்லை என்று நினைக்காதீர்கள். அடிவாரத்தில் இரண்டு ஏற்றம் இருக்கிறது, மூச்சு வாங்கும். ஏறி நின்றால் பனி மூடிய சிகரமெல்லாம் ஒரே வரிசையில் தெரியும். நீங்களும் கல்யாணம் ஆனதிலிருந்து மலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரு சிகரத்தின் நிறமாவது சொல்ல முடியுமா? உங்களுக்குத் தெரிந்த மலையெல்லாம் ஹாண்டில்பாரில் மாட்டியிருக்கும் மீட்டருக்குள் இருக்கிறது.

தம்பி விஷயத்தில் சிரிப்பை அடக்கியதற்கு நன்றி. பெரிய மனசு. அவன் இளைப்பதற்காக சைக்கிள் வாங்கவில்லை. நீங்கள் ஒரு தடவையாவது “பரவாயில்லையேடா” என்று சொல்லமாட்டீர்களா என்று வாங்கியிருக்கிறான். அழைத்துப் போனால் கூடவே போங்கள். அவன் மெதுவாகத்தான் வருவான்.

இங்கே வேலை முடிந்ததும் வீட்டுக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

உங்கள் மனைவி

மே 19

மகாராணிக்கு,

குழாயை மாட்டிவிட்டேன். அதற்கு நீ இவ்வளவு நீட்டி முழக்கியிருக்க வேண்டாம்.

உன் தம்பியைக் கணவாய்க்குக் கூட்டிப் போனேன். நீ சொன்னாய் என்பதற்காக. அடிவாரத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது அவனுக்கு. பைன் மரக் காடு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி, ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, கொஞ்சம் நில்லுங்க மாமா.”

“நின்னா எனக்குக் கால் இறுகிடும். நீ மூச்சு வாங்கிட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். வேறென்ன செய்ய? மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஏறவா? உச்சியில் காபி குடித்தேன். இந்த வருஷத்திலேயே நான் மிகக் குறைந்த நேரத்தில் ஏறியது அன்றைக்குத்தான். அந்தப் பக்கச் சரிவு நன்றாக இருந்ததால் அப்படியே இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துரைக்குக் கோபம் போலிருக்கிறது. அதற்கப்புறம் ஆளையே காணோம். போனையும் எடுக்கவில்லை. எனக்கொன்றும் கவலையில்லை. பேக்கரிக்காரர் இரண்டு தடவை கிளினிக்குக்கே வந்து, பல் வலிக்காரர்கள் முன்னால் விசாரித்துவிட்டார். மானம் போகிறது. அங்கே வந்தானா?

உன் கணவன்

மே 23

டாக்டருக்கு,

வந்தான். இங்கேதான் இருக்கிறான்.

நீங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கீழே ஆலங்கட்டி மழை பெய்தது. பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லையாம். வளைவு வளைவாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கியிருக்கிறான். பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கிவிட்டார். உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிப்போய் நின்றான். நீங்கள் இருந்திருந்தால் பல்லை மட்டும் பார்த்திருப்பீர்கள். போன் நனைந்து செத்துவிட்டது. மூன்று நாள் நல்ல காய்ச்சல்.

காய்ச்சல் விட்டதும் கேட்டேன். “ஏண்டா, மழை வர்ற மாதிரி இருந்தப்பவே இறங்கியிருக்கலாமில்ல?”

“மாமா திரும்பி வருவாருக்கா. வந்து என்னைக் காணோம்னா தேடுவாரே. அதான் அங்கயே உட்கார்ந்திருந்தேன்.”

இதை எழுதவே கூடாது என்று நினைத்தேன். அவன் உங்களைத் திட்டியிருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

உங்கள் வேகத்தின் மீது எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. ஒருத்தனைச் சுவரில் உட்கார வைத்துவிட்டு அடைகிற உச்சிக்கு எந்த ஊரில் மெடல் கொடுக்கிறார்கள்? கொடுத்தால் வாங்கி கிளினிக்கில் மாட்டிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்கள் பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரமாக இங்கே வாருங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், உங்களுக்கு அது வராது. அவன் முன்னால் நின்று “எப்படிடா இருக்கே” என்று கேளுங்கள், போதும். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்களோடு வந்துவிடுகிறேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி

ஜூன் 9

மகாராணிக்கு,

வந்தேன். நீ அழைத்தாய் என்று மெனக்கெட்டு வந்தேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை.

உன் சப்பை ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து கொறிக்கிற கூட்டம். நாய்க்குட்டியைக் கூடையில் வைத்து ஓட்டுகிற கிழங்கள். நீ பீற்றிக்கொண்ட இரண்டு ஏற்றமும் எனக்குக் கியர் மாற்றக்கூடப் போதவில்லை. முழு தூரத்தையும் நான் முடித்த நேரத்தை உன் அலுவலகத்தில் சொல்லிப் பார், நம்பமாட்டார்கள்.

ஆப்பிள் தோட்டம் தாண்டியதும் உங்கள் ஆட்கள் நட்டநடு ரோட்டில் பெயின்ட் டப்பாவைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு தடியன் மண்டியிட்டுக் கிடக்கிறான். ஒரு பொம்பளை கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள். “ஓரமாப் போங்க!” என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டு வந்தேன். அப்படியும் டயரெல்லாம் வெள்ளைப் பெயின்ட். துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. உன் ஆட்களுக்கு ரோட்டில் நடந்துகொள்ளச் சொல்லிக் கொடு.

இவ்வளவும் பட்டு வந்தால் உன் வீட்டில் பூட்டு தொங்குகிறது! பத்து நிமிஷம் நின்றேன். உடம்பு ஆறிவிடும் என்று கணவாய் வழியாகத் திரும்பிவிட்டேன். வரச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதுதான் மரியாதையா?

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். இனி உன் பாடு.

உன் கணவன்

ஜூன் 12

டாக்டருக்கு,

அந்தத் தடியன் என் தம்பி. அந்தப் பொம்பளை நான்.

ஆள் பற்றாக்குறை, அதனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துக்கொண்டோம். தம்பிக்கு உடம்பு தேறியதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் தூரிகையை எடுத்துக்கொண்டு கூட வந்தான். தூரத்தில் வரும்போதே உங்களை அடையாளம் கண்டுகொண்டவனும் அவன்தான். “அக்கா, மாமா வர்றாரு! நெசமாவே வர்றாரு!” என்று எழுந்திருக்கப் பார்த்தான், முட்டி பிடித்துக்கொண்டது. நான் ரோட்டுக்கு நடுவில் ஓடி வந்து “என்னங்க, என்னங்க” என்று மூன்று தடவை கூப்பிட்டேன். உங்கள் தோள் என் கையில் உரசியது. நீங்கள் மீட்டரைப் பார்த்தபடியே அதட்டிவிட்டுப் போனீர்கள்.

வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அழுவேன் என்று நினைத்தேன். தம்பிதான் முதலில் சிரித்தான். அப்புறம் நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிற அளவுக்கு, ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தோம். நாய்க்குட்டியோடு வந்த ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

எந்த ஞாயிறு வருவீர்களோ என்று பெட்டியை முந்தின நாளே கட்டி வைத்திருந்தேன். சாயங்காலம் வந்து பிரித்துவிட்டேன்.

தம்பிக்கு இங்கேயே ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறது. என் தையல் மெஷினையும் அவனுடைய குளிர்ச் சட்டையையும் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டாம். வழியில் எங்களைப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
சாலை அலுவலகம்,
பாலத்துக்கு எதிரில்