நல்லா இருக்கேன் டாக்டரம்மா

மார்ச் 6, திங்கள்
ஆய்வு மருந்து தொடங்கி இரண்டு வாரம். டாக்டர் லெதெஸ்மா இன்று கொச்சபம்பா நகரத்திலிருந்து வந்திருந்தார். என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். சாகாஸ் நோய்க்கு இரண்டு மாதம் விழுங்கும் மாத்திரையை ஒரே மாதத்தில் முடிக்கலாமா என்று பார்க்கிறார்கள். எங்கள் ஊர் ஐகிலேயில் ஆய்வில் சேர முதல் கையெழுத்து என்னுடையது. பஞ்சர் கடைக்காரனுக்கு வேறு எதில் முதலிடம் கிடைக்கும்?

"எப்படி இருக்கீங்க, தோன் செவேரோ? அரிப்பு, தடிப்பு ஏதாவது?"

"நல்லா இருக்கேன் டாக்டரம்மா. கல்யாண மாப்பிள்ளை மாதிரி."

சிரித்தார், எழுதிக்கொண்டார். என் முதுகு முழுக்கத் தடிப்பு. சட்டைக்குள் கற்றாழைச் சோறு பிசுபிசுத்தது. நாற்காலியில் சாய முடியாமல் பட்டாளத்துக்காரன்போல விறைத்து உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 7
ஏன் சொல்லவில்லை?

போன வாரம் பக்கத்து வெல்டிங் கடை ஹிலாரியோ கையிலிருந்த தடிப்பைக் காட்டினான். மருந்தை நிறுத்திவிட்டார்கள். தெருவில் நின்று அழுதான். என் அண்ணன் கிரெகோரியோவின் இதயத்தைத் தின்றது இந்த நோய்தான். லாரிக்கு ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கைக்கு வந்த மாத்திரையை ஓர் அரிப்புக்காக விடுவேனா?

இன்னொன்றும் உண்டு, எழுதவே கூசுகிறது. நான் நன்றாக இருக்கிறேன் என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இவ்வளவு தூரம் நமக்காக வந்த பிள்ளையிடம் குறை சொல்வது மரியாதையா? இந்தப் பள்ளத்தாக்கில் யார் சொல்வார்கள்?

மார்ச் 9
மகள் சுல்மாவும் ஆய்வில் சேர்ந்துவிட்டாள். அவள் ரத்தத்திலும் நோய் இருக்கிறது. பழைய மண்சுவர் வீட்டுப் பூச்சிகள் அவளுக்குக் கொடுத்த சீதனம். முதலில் தயங்கினாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையாப்பா?"

"என்னைப் பாரு. காளை மாதிரி இல்ல?"

"அம்மா வேற மிருகம் பேரு சொல்றாங்க."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 19, ஞாயிறு
தந்தையர் தினம். சுல்மா காரமாகக் கோழி சமைத்தாள். இந்த வெயிலில் முழுக்கைக் கம்பளிச் சட்டை. கேட்டேன். "குளிருதுப்பா" என்றாள். இன்னொரு துண்டு போட்டாள், சாப்பிட்டேன்.

எனக்குத் தெரியாதா? தெரியும்.

மார்ச் 20
கேட்கலாம் என்று இருந்தேன். அவள் கையைக் காட்டச் சொன்னால் என் முதுகைக் காட்ட வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

மார்ச் 23
விடிந்தபோது சுல்மாவின் முகம் வீங்கி, கண் திறக்கவில்லை. நெருப்பாகக் காய்ச்சல். ஹிலாரியோவின் வண்டியில் கொச்சபம்பாவுக்குக் கொண்டுபோனோம். என் மனைவி பசிலியா அவளை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்:

"எத்தனை நாளாடி இது?"

"ஒரு வாரம்மா."

"வாயில என்னடி வச்சிருந்த?"

"அப்பாவுக்கு ஒண்ணுமே ஆகல. எனக்கு மட்டும்னு சொன்னா நிறுத்திருவாங்கன்னு..."

நான் முன்சீட்டில் இருந்தேன். ரோட்டைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

மார்ச் 24
ஈரலும் வீங்கியிருக்கிறதாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் லெதெஸ்மா முன்னால் சட்டையைத் தூக்கினேன். ஆறிக் கறுத்த தழும்புகள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்க அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதேன்னு அவகிட்ட நானும் சொன்னேன்" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பசிலியா சும்மா விடவில்லை. "ஊரான் ட்யூப்பை எல்லாம் தண்ணில அமுக்கி ஓட்டை பார்ப்ப. உன்னைப் பார்க்க விடமாட்டியாய்யா நீ?"

மார்ச் 25
இன்றும் கண் திறக்கவில்லை. கடவுளே, என் முதுகை உரிச்சுக்கோ, அவளை விட்டுடு.

ஏப்ரல் 3
காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். ஆனால் இந்த மாத்திரையை அவள் இனித் தொடக்கூடாது. நோய் அவளுக்குள் அப்படியே இருக்கிறது. என்னுடையது ஒருவேளை போயிருக்கும். இது என்ன நியாயம்?

ஏப்ரல் 8
நான் சொன்னதால் எல்லாருடைய பதில்களையும் மறுபடி சரிபார்க்கிறார்கள். அதுவரை புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. சந்தையில் சோளம் விற்கும் தோன்யா ஏமா பேரன் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவள்.

"உன் வாயாலதான்யா எங்களுக்கு நின்னுபோச்சு. பேச வேண்டிய நேரத்துல பேசல. இப்ப யாரு கேட்டா?"

சோளத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அவளும் எப்போதும்போல ஒரு கைப்பிடி கூடவே போட்டாள். அதுதான் அதிகம் சுட்டது.

ஏப்ரல் 21
பள்ளிக்கூடத்தில் கூட்டம். டாக்டர் கேட்டுக்கொண்டதால் பேசினேன். மாப்பிள்ளை கதையில் சிரித்தார்கள். சுல்மா கதையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் எழுந்தார். தடிப்பு வந்து மருந்தை நிறுத்தினாலும் வைத்தியம் நிற்காது, வேறொரு மருந்து தருவார்களாம். "இது பேப்பர்ல இருந்தது. நான் வாயால சொல்லல. அது என் தப்பு" என்றார். இனி அவர் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்க மாட்டார். ஊர்ப் பெண்களே வீடுவீடாக வந்து எங்கள் கெச்சுவா மொழியில் பேசி, கையையும் முதுகையும் பார்ப்பார்களாம்.

ஹிலாரியோ கை தூக்கினான். "அப்ப நான் தெருவுல நின்னு அழுததெல்லாம் வீணா?"

"வீண்தான்" என்றார் டாக்டர். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் சத்தமில்லாமல் சட்டைக் கையைச் சுருட்டினாள். அப்புறம் இன்னொருத்தி.

மே 8, திங்கள்
சுல்மாவை அந்த வேறு மருந்துக்காக டாக்டரிடம் அழைத்துப் போனேன். வாசலில் நின்று சொன்னாள்:

"நீங்க வெளிய உக்காருங்கப்பா."

உட்கார்ந்தேன். கதவு மெல்லிய பலகை. தூக்கம் வருவதில்லை என்றாள். முடி கொட்டுகிறது என்றாள். பெரியப்பா மாதிரி ஒரு நாள் வேலைக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். மூன்று வேளையும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

எழுந்து, குரல் எட்டாத கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன்.

வரிசையில் இருந்த பெண் என்னிடம் சலித்துக்கொண்டாள். "உங்க பொண்ணு இன்னும் எவ்வளவு நேரம்தான்யா பேசுவா?"

"தெரியலம்மா" என்றேன். நகர்ந்து அவளுக்கும் இடம் கொடுத்தேன்.