துடக்கோடு போன வெள்ளை

என் மனசை விட்டு இறங்காத மச்சாளுக்கு,

நீங்கள் முடிச்சுப் போட்டுச் செய்த வெள்ளை வேலையைக் கைப்பணி நிலையத்தில் மாட்டினோம். வாசலால் உள்ளே வந்ததும் எதிர்ச் சுவரில், நீங்கள் ஆசைப்பட்ட அதே இடத்தில். அடுத்த நாளே கழற்றியும் விட்டோம். ஏன் கழற்றினது என்று மற்ற ஆட்கள் சொல்லி நீங்கள் அறியக் கூடாது. பிழை விட்டவள் நான். நானே சொல்கிறேன்.

நீங்கள் போய் முப்பத்தொரு நாள் வீட்டில் துடக்கு, சாவீட்டுத் தீட்டு. அத்தனை நாளும் அந்த வெள்ளை வேலை, நீங்கள் கண்மூடின கட்டிலுக்குப் பக்கத்தில்தான் சுருண்டு கிடந்தது. அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடக்குக் கழித்தோம். அறை, குசினி, கிணற்றடி என்று தெளித்த இடமெல்லாம் என் கொப்பியில் குறித்தேன். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? குறித்து முடித்துப் பார்த்தால் ஒன்று குறைகிறது. நிலையத்தைப் பார்க்கிற பௌசியா உங்கள் வேலையை முந்தின நாளே கொண்டு போயிருந்தாள். துடக்கோடு போன பொருள் குத்துவிளக்கு ஏற்றுகிற இடத்தில் தொங்கப் போகுதே என்று எனக்கு நித்திரை வரவில்லை.

கண்காட்சி பின்நேரம் நாலு மணிக்கு. நான் காலமை பத்து மணிக்கே மஞ்சள் தண்ணீர்ச் செம்பும் மாவிலையுமாகப் போய்விட்டேன். பௌசியா பின்பக்கம் நின்று லைட் பூட்டுகிற ஆட்களோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் வேலைக்கு மேலே திறப்பு விழாவுக்கென்று ஒரு துணி போட்டு மூடியிருந்தது. அதை விலக்கி, கோயில் அம்மாளை நினைத்து மூன்று தரம் தெளித்தேன். மூன்றே மூன்று தரம்.

பழைய வேட்டிகளைக் கிழித்து, வலை முடிச்சுப் போட்டு, ஒன்பது மாதம் இருந்து நீங்கள் செய்த வெள்ளை. அதில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக ஊறுது, மச்சாள்.

ஓடிப்போய்க் கை கழுவுகிற இடத்துச் சவர்க்காரத்தைக் கைலேஞ்சியில் தேய்த்துக் கொண்டு வந்து ஒற்றினேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை கறி பட்ட சட்டை தோய்த்த கை! அந்த நேரம் புத்தி வேலை செய்யவில்லை. ஒற்ற ஒற்றச் சிவந்தது. எண்ணினேன். இருபத்திரண்டு பொட்டு. துணியை இழுத்து மூடிவிட்டு வெளியில் வந்து கதிரையில் இருந்துவிட்டேன்.

ஆறு மணித்தியாலம். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. உங்கள் தம்பி, அதுதான் என் மனுஷன், மத்தியானம் சோற்றுப் பார்சலோடு வந்து, “என்னப்பா, அக்காவைவிட நீர்தான் செத்த ஆள் மாதிரி இருக்கிறீர்” என்று பகிடி விட்டார். அதுக்கும் சிரிக்க ஏலவில்லை.

நாலு மணிக்குத் துணியை எடுத்தார்கள். திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து வந்த ஓவியர் கிட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். “இதுதான்!” என்றார். “இந்த மண்ணில சிந்தின இரத்தம். ஒரு சொல் இல்லாமச் சொல்லிப்போட்டா. இதை நான் கொழும்புக் கண்காட்சிக்குக் கொண்டு போறன்.” எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அழுதேவிட்டாள்.

பௌசியா சனத்துக்குள்ளால் வந்து என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, நான் மாட்டேக்க இது வெள்ளையாத்தானே கிடந்தது.”

“ஓம்.”

“என்ன செய்தனீங்கள்?”

சொன்னேன். சனத்தை விட்டு என்னை ஒரு ஓரமாக இழுத்தாள். பிறகு காதுக்குள், “பேசாம இருங்கோ. எங்கட இடத்தில இருந்து ஒரு வேலையும் கொழும்புக்குப் போனதில்லை. உங்கட மச்சாளின்ட பேர்தானே போகப் போகுது? ஆர் கேக்கப் போயினம்?” என்றாள்.

உண்மைதான். ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நீங்கள்? முடிச்சுப் போட்டபடி ஒருநாள் என்னிடம் சொன்னீங்கள்: “திருகோணமலை எண்டாலே பாக்க வாறவைக்கு இரத்தம்தான் வேணும். வாடைக்காத்து ஓய்ஞ்ச ஒரு காலமை, கடல் சும்மா வெள்ளையாக் கிடந்ததை நான் கண்டனான். அதைக் காட்டினா ஆகாதோ?” சண்டைக் காலத்து இழப்பு உங்களுக்கும் இருந்தது. அதைக் காட்டாமல் விட்டது உங்கள் விருப்பம். அதை மாற்ற நான் யார்?

அதுக்குள் ஓவியர் பெயர் அட்டையைக் கேட்டார். ‘இரத்தத் துளிகள்’ என்று மாற்றி எழுதப் போகிறாராம். பேனையைத் திறந்தும்விட்டார்.

“ஐயா, மன்னிக்கோணும்,” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். “அது இரத்தமில்லை ஐயா. மஞ்சளும் சவர்க்காரமும். துடக்குக் கழிக்க எண்டு தெளிச்சது நான்தான். மச்சாள் வெள்ளையாத்தான் செய்தவ.”

பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்தார். உங்கள் தம்பி, “ஐயோ கடவுளே” என்று நெற்றியில் கை வைத்தார். ஓவியர் நல்ல மனுஷன், கோபிக்கவில்லை. “அம்மா, தற்செயலா வந்தாலும் இதுதான் இதுக்கு உயிர். இப்பிடியே தாங்கோ, கொண்டு போறன். வெறும் வெள்ளை எண்டால்... எனக்குத் தெரியாது” என்றார்.

“வெறும் வெள்ளை இல்லை ஐயா. வாடை ஓய்ஞ்ச காலமை,” என்றேன். அவர் பேனையை மூடினார்.

கொழும்பு வாய்ப்பு அன்றைக்கே போய்விட்டது, மச்சாள். உங்கள் பெயர் பெரிய இடத்துக்குப் போக இருந்ததை நான் தடுத்துவிட்டேனா? நீங்கள் இருந்திருந்தால் சிரிப்பீங்களா, ஏசுவீங்களா? இரவு சாமி அறையில் இருந்து எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பௌசியா கோபத்தோடு நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் காலமை படலையைத் தட்டின சத்தம் கேட்டுப் போனால், உங்கள் வேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள். “உம்மாட்டக் கேட்டனான். சவர்க்காரத்தை அலசிப்போட்டு வெயிலில போடட்டாம். மஞ்சள் வெயிலுக்கு நிக்காதாம். வாங்கோ, ஒரு பக்கம் பிடியுங்கோ. கோபம் போகேல்லை, ஆனா பிடியுங்கோ.” அலசினதும் சிவப்புப் போய்ப் பழையபடி மஞ்சளாக வந்தது. இரண்டு பேருமாக முற்றத்துக் கொடியில் விரித்தோம்.

நிலையத்தில் இப்போது வெறும் சுவர்தான். நீங்கள் வைத்த பெயர் அட்டை அப்படியே இருக்கிறது. அதுக்குக் கீழே பௌசியா தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: ‘இந்த வேலை வெயிலில் காய்கிறது. பிறகு வந்து பாருங்கள்.’

ஒவ்வொரு நாளும் கொப்பியில் குறிக்கிறேன். ஒன்பது பொட்டுப் போய்விட்டது. பதின்மூன்று மிச்சம். இனி அதில் ஒரு துளி தண்ணீர்கூடத் தெளிக்க மாட்டேன், வெயில் பட்டதில் துடக்கு ஏது? கடைசிப் பொட்டும் மங்கி, நீங்கள் கண்ட அந்தக் காலமைக் கடல் மாதிரி வந்த பிறகு, என் கையாலேயே கொண்டு போய் அந்தச் சுவரில் மாட்டுவேன். ஆராவது அது என்ன என்று கேட்டால், நீங்கள் சொன்னதைத்தான் சொல்லுவேன். அதுக்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியைக் கட்டி வந்து, உங்களுக்குத் தங்கச்சியாகிப் போன
மச்சாள் கமலா