இரண்டாம் பரிசு வாங்கிய உப்பளக் கட்டுரை

ஆவணி, செவ்வாய் இரவு

கூடப் படித்த செல்வின் நாங்கள் கல்லூரி நாட்களில் எழுதிய அறிவியல் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றுகிறான். மாலையில் போன் செய்தான்.

“ஏலே, ஒன் உப்பளக் கட்டுரை கெடச்சிருக்கு. பேரோட போடட்டா?”

“ஒண்ணும் வேண்டாம்லே.”

“வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லு” என்று அதைப் படமெடுத்து அனுப்பினான்.

உப்பளப் பாத்தியில் எல்லோரும் உப்பைத்தான் பார்க்கிறார்கள். ஆவியாகிப் போகும் தண்ணீரைக் கண்ணாடிக் கூரை போட்டுப் பிடித்தால் குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். நடக்காத காரியம் என்று கல்லூரிப் போட்டியின் நடுவர்கள் இரண்டாம் பரிசுக்குத் தள்ளினார்கள். கம்ப்யூட்டர் பற்றி எழுதிய செல்வினுக்கு முதல் பரிசு. அதன்பின் நான் கட்டுரை எதுவும் எழுதவில்லை.

கூரைக்கு ஆகும் செலவை யோசிக்காமல்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் யோசனை நல்ல யோசனை. இன்றும் வீட்டில் கேன் தண்ணீர்தான்.

படுக்குமுன் அவனுக்கு எழுதினேன்: பேரோடு போடு. இரண்டாம் பரிசு என்றும் போடு. முதல் பரிசு யாருக்கு என்பதை விட்டுவிடாதே.