என் பதவி விலகல் கடிதத்தை ஏற்க வேண்டாம்

அனுப்புநர்
சி. இளவேனில், எம்.ஏ.,
சட்டமன்ற உறுப்பினர்.
(பதில் அனுப்ப: மே/பா. திருமதி உம்மல் குல்சும், கோட்டைமேடு, கோயம்புத்தூர். என் வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம்.)

பெறுநர்
மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்கள்,
சட்டமன்றப் பேரவை,
சென்னை.

பொருள்: வரும் வெள்ளிக்கிழமை என் கையாலேயே தரவிருக்கும் பதவி விலகல் கடிதத்தை ஏற்காதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

மாண்புமிகு ஐயா,

1. நான் தங்கள் அவையின் உறுப்பினர். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவள். இதுவரை ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறேன். எனவே என் முகம் தங்களுக்கு நினைவிருக்காது. வெள்ளிக்கிழமை என் கணவர் திரு. ரவிக்குமார் என்னைத் தங்கள் அறைக்கு அழைத்து வருவார். என் கைப்பட எழுதிய விலகல் கடிதத்தைத் தருவேன். சொந்த விருப்பத்தில்தான் விலகுகிறீர்களா என்று தாங்கள் கேட்பீர்கள். ஆம் என்பேன். அது உண்மையன்று என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்களுடையது தனித் தொகுதி. என் கணவர் ஒன்றியக் கவுன்சிலராகத் தொடங்கியவர். முதல் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். அடுத்த இரண்டிலும் வென்றார். குடிநீர்க் குழாய் வராத காலனிகளுக்கு அதைக் கொண்டுவந்தவர் அவர். இதை நான் மறைக்கக் கூடாது. அந்த மூன்று தேர்தல்களிலும் நானும் மனு கொடுத்தேன். வேட்பாளரின் மனு ஒருவேளை தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் வேண்டுமே என்று, வீட்டில் ஒருவரை மாற்று வேட்பாளராக மனு கொடுக்க வைப்பது வழக்கம். அவர் மனு ஏற்கப்பட்டதும் என்னுடையது தானாகவே விழுந்துவிடும். மூன்று முறையும் பட்டுப்புடவை கட்டிச் சென்று, புகைப்படத்தில் ஓரமாக நின்று, வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

3. சென்ற தேர்தலில் மனுத்தாக்கலின் கடைசி நாள் வியாழக்கிழமை. அன்று காலை அவர் சென்னிமலை முருகனிடம் சிரசுப் பூ உத்தரவு கேட்கப் போனார். சுவாமி தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால்தான் எங்கள் பக்கம் எந்தக் காரியத்தையும் தொடங்குவார்கள். பூ நெடுநேரம் விழவில்லை. ஊர்வலம் தேர்தல் அலுவலகத் தெருவை அடைந்தபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. வியாழனன்று அது மூன்று மணி வரை. மனு வாங்குவதும் மூன்று மணி வரைதான். மூன்றடிக்கும் நேரத்தில் வாசலைத் தாண்டி டோக்கன் வாங்கிவிட்டால் போதும், ராகு காலம் கழிந்த பிறகு மனு கொடுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். என்னிடம், "நீ போய்க் குடுத்துபோட்டு வா அம்மணி. மாத்து ஆளுக்கு எதுக்கு ராகு காலம்?" என்றார். காரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

அவர் காரைவிட்டு இறங்கியபோது அவருக்காக வந்த கூட்டமே வழியை அடைத்துக்கொண்டது. அவர் வாசலை அடையும்முன் கதவு சாத்தப்பட்டது. கட்சியின் வேட்பாளராக நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

4. பிரச்சாரத்தில் அவர்தான் பேசினார். நான் வண்டியில் கைகூப்பி நின்றேன். கடந்த முறை அவர் சில நூறு வாக்குகளில் தப்பியவர். எனக்குப் பதினோராயிரம் வித்தியாசம். அலை அப்படி அடித்தது என்றுதான் நானும் சொல்லி வந்தேன். வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்று வந்தவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் மாலை போட்டார்கள்.

5. அலுவலகத்தில் என் நாற்காலியில் அவர் அமர்கிறார். என் கைப்பேசி உதவியாளர் ஆல்வினிடம் இருக்கிறது. நான் வீட்டின் பின்கட்டில் இருக்கிறேன். யாரும் கதவைப் பூட்டவில்லை, ஐயா. ஒரு நாளும் அவர் என்மீது கை ஓங்கியதில்லை. பூட்டியிருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

6. சின்னத்தாயி என்பவர் தங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுப் பலமுறை அலுவலகத்துக்கு நடந்தவர். பாதை இல்லாததால் மழைக்காலத்தில் பிணத்தை முழங்கால் சேற்றில் தூக்கிப் போகிறார்கள். ஒரு நாள் அவர் முன்வாசலை விட்டுச் சமையலறைப் பக்கமாக வந்து கேட்டார்: "ஏனுங்க, நீங்கதானுங்களே எம்.எல்.ஏ.? அப்பறம் எதுக்குங்க ஊட்டுக்குள்ளயே உக்காந்திருக்கீங்க?" அவருடைய பேத்தியின் கைப்பேசியை வாங்கி மாவட்ட ஆட்சியருக்கு நானே பேசினேன். அவையில் நான் பேசிய அந்த ஒரு முறையும் அந்தப் பாதைக்காகத்தான். பாதை போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பெண்கள் பின்வாசலுக்கு வரத் தொடங்கினார்கள்.

7. இது என் கணவருக்குத் தெரியவந்த அதே வாரத்தில், ஒரு திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கியில் அவரைச் 'சட்டமன்ற உறுப்பினரின் கணவர்' என்று வரவேற்றார்கள். அவர் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். அந்த வேதனையை நான் அறிவேன். என்னைப் பல ஆண்டுகள் எம்.எல்.ஏ. வீட்டம்மா என்றுதான் அழைத்தார்கள். அது எனக்கு வேதனையாக இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதும் இப்போதுதான்.

8. நான் விலகினால் இடைத்தேர்தல் வரும், அவர் நிற்பார், வென்றால் அமைச்சர் பதவிகூடக் கிடைக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். சென்ற ஞாயிறன்று சாப்பிடும்போது சொன்னார்: "வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போறோம். கேட்டா ஒடம்பு முடியலைன்னு சொல்லு. அங்க போயி அழுதுபோடாத." எங்கள் மகள் ஹர்ஷிணி உடனிருந்தாள். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவள் என்னைப் பார்த்தாள். நான், "சரிங்க" என்றேன். குழம்பு வேண்டுமா என்றும் கேட்டேன்.

9. மறுக்க வேண்டியதுதானே என்று தாங்கள் எண்ணலாம். இருபத்து மூன்று ஆண்டுகளாக அவரிடம் "சரிங்க" என்பதைத் தவிர வேறு சொல் என் வாயில் வந்ததில்லை. பயம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. அவர் அருகில் நிற்கும்போது எனக்கென்று ஒரு விருப்பம் இருப்பதே மறந்துவிடுகிறது. அவர் இல்லாத இடத்தில், தோழி உம்மல் குல்சுமின் வீட்டு மேசையில் அமர்ந்துதான் இதை எழுத முடிகிறது. தோழியே இதைப் பதிவுத் தபாலில் சேர்ப்பார்.

10. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, வெள்ளியன்று என் கடிதத்தைப் பெற்றதும் என் கணவரையும் உதவியாளரையும் வெளியே இருக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, அதே கேள்வியை என்னிடம் மறுபடியும் கேட்குமாறு பணிந்து வேண்டுகிறேன். இம்மனு தங்களுக்கு வந்ததை அவர்களிடம் தெரிவிக்க வேண்டாம். தனியே கேட்டபோதும் விலகுகிறேன் என்று நான் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அது என் சொல்லாகவே இருக்கட்டும். பேச்சு வராமல் நின்றேனென்றால், சற்றுப் பொறுங்கள், ஐயா. அந்த மௌனத்தை மட்டும் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: புரட்டாசி 5, திங்கட்கிழமை

தங்கள் அவையின் உறுப்பினர்,
(ஒப்பம்)
சி. இளவேனில்