நோகாத கால்

மச்சாள்,

இடது தோளும் தொடங்கிவிட்டது. காலமை உம்முடைய அண்ணர் நோவெண்ணெய்ப் போத்தலைத் திறந்தவுடனேயே உம்முடைய நினைவுதான் வந்தது. அந்த மணம் உமக்குத் துப்பரவாகப் பிடிக்காது. மூக்கைச் சுளித்துக்கொண்டு, என்னை ஏசி ஏசித்தான் பூசிவிடுவீர். இவர் பூசுகிற பூச்சு வேறு. நோகிற இடத்தை விட்டுவிட்டு நோகாத இடமெல்லாம் தேய்க்கிறார். சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் இப்போது பேசாமல் இருக்கிறேன். அவருக்கு அந்த ஒரு மனத்திருப்தியாவது இருக்கட்டும்.

களைப்பு என்றால் எப்படிப்பட்ட களைப்பு என்று உமக்குத்தான் விளங்கும். விடிய எழும்பிச் சீனி பார்க்க விரலில் குத்த வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஒரு குளிசை, பின் ஒரு குளிசை. மாதத்துக்கொருக்கால் கிளினிக் வாங்கிலில் குந்தி இருந்து இடுப்பு விறைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபிறகும் மூட்டு நோகிறது என்றால் ஆரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறது? சமைக்கவும் அலுப்பு, கதைக்கவும் அலுப்பு. உம்மோடு மட்டும் கதைக்கலாம் போலக் கிடந்தது. அதுதான் எழுதுகிறேன்.

சலரோகம், இந்தச் சீனி வருத்தம், எங்கள் இரண்டுபேருக்கும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் பிடிபட்டது. எனக்கு அது வலது தோளில் வந்து குந்திக்கொண்டது. தோட்டத்தில் பீற்றூட் கடகப்பெட்டி தூக்கினதால் வந்த பிடிப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். பரியாரியார் எண்ணெய் போட்டு உருவினார், இலை வைத்துக் கட்டினார். கை ஏறவில்லை. போகப் போகப் பின்பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சட்டைக் கொழுக்கி பூட்டவும் முடியவில்லை, சீப்பெடுத்துத் தலை இழுக்கவும் முடியவில்லை. கடைசியில் கிளினிக்கில் அந்த டொக்டர்ப் பிள்ளைதான் சொன்னா, இது சலரோகக்காரருக்கு வருகிற தோள் இறுக்கம், மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்வு தடித்து இறுகிவிடும் என்று. சீனிக்கும் தோளுக்கும் என்ன கொண்டாட்டம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து சண்டிலிப்பாய் வரைக்கும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தீர். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

அடுத்தநாள் விடிய, எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருக்கிற வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து நின்றீர். அன்றிலிருந்து என்னைப் படியில் இருத்தி, தலை இழுத்து, கொண்டை போட்டு, கொழுக்கி பூட்டிவிட்டுத்தான் போய் உம்முடைய அடுப்பை மூட்டுவீர். மச்சான் செத்தபிறகு நீர் தனி ஆள், எனக்கென்ன அவசரம் என்பீர். டொக்டர் காட்டின பயிற்சியையும் விட்டுவைக்கவில்லை. குசினிச் சுவரில் விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறவேண்டும். எனக்குக் கண்ணீர் ஓடும். "அழும், ஆனா ஏறும்" என்பீர். ஒருநாள் பொறுக்க முடியாமல், தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், உமக்கென்ன என்று வெடித்தேன். நீர் சிரித்தீர். ஒரு நோவும் இல்லை என்பதுதான் அந்த நாளில் உம்முடைய பெருமை. ஒரே வருத்தம், ஒரே குளிசை, எனக்குத்தான் தோளும் முழங்காலும் விரல் மூட்டும் மாறி மாறி நொந்தது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

இன்னொருநாள் ஒற்றைச் செருப்போடு வந்தீர். மற்றது கழன்று உம்முடைய வளவுக்குள்ளேயே கிடந்தது. கழன்றது உமக்குத் தெரியவே இல்லை. கிழடு தட்டிவிட்டது என்று இரண்டுபேரும் வயிறு நோகச் சிரித்தோம். காலைப் பாருங்கோ, காலைப் பாருங்கோ என்று கிளினிக்கில் சொல்லாமலா விட்டவை? நோகிற காலைத்தான் பார்க்கச் சொல்லுகினம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்த வருசம் அம்மன் கோயில் கொடியேறினபோது வெயில் நெருப்பாக எறித்தது. என் முழங்கால் மறுத்துவிட்டபடியால் நான் மண்டபத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன். நீர் ஒவ்வொருநாளும் மத்தியானப் பூசை முடிய வெறுங்காலோடு வெளிவீதி சுற்றினீர். மணல் சுட்டுச் சனம் நிழலுக்குத் துள்ளி ஓடுகிற நேரத்தில் நீர் மட்டும் ஆறுதலாக நடந்து வந்தீர். சுடவில்லையோ என்று கேட்டேன்.

"சுடேல்லை. அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுறா."

பக்கத்தில் நின்றவர்கள் உம்மைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நானும்தான் நம்பினேன், மச்சாள். எனக்குக் கிடைக்காத அருள் உமக்குக் கிடைத்திருக்கிறது என்று, தூணோடு சாய்ந்திருந்து முழங்காலைத் தடவிக்கொண்டே நினைத்தேன்.

தேருக்கு முதலே வலது கணுக்கால் வீங்கத் தொடங்கியது. தொட்டால் காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரிச் சுட்டது. நொந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பீர். நோகாதபடியால் சுளுக்கு என்றீர். பரியாரியார் போட்ட கட்டோடு தேருக்கும் நடந்தீர், தீர்த்தத்துக்கும் நடந்தீர். கொஞ்சம் இரு பிள்ளை என்று அண்ணர் சொல்லிப் பார்த்தார். நோகாத காலுக்கு என்ன வைத்தியம் என்று அவரை மடக்கிவிட்டீர். உம்மோடு கதைத்து வெல்ல அவருக்கு எப்போது முடிந்தது?

திருவிழா முடிந்த கையோடு ஒரு காலமை. நான் கீழ்ப்படியில், நீர் மேற்படியில் இருந்து என் தலையை இழுத்துக்கொண்டிருந்தீர். படிச் சீமெந்தில் ஈரமாக ஏதோ பட்டிருந்தது. தண்ணீர் என்று துடைக்கப் போனேன். உம்முடைய உள்ளங்காலில் தோலே இல்லை. நான் கத்தின கத்தலில் அண்ணர் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தார். நீர் சீப்பைப் பிடித்தபடி, உமக்கு என்ன நடந்தது என்று என்னைக் கேட்டீர்.

ஆசுபத்திரியில் படம் எடுத்துப் பார்த்த பெரிய டொக்டர், இந்தக் காலால் எப்படி நடந்தவ என்று எங்களையே திருப்பிக் கேட்டார். கணுக்கால் மூட்டு நொருங்கிக் குலைந்துபோய்க் கிடந்ததாம். சலரோகம் நரம்பைக் கெடுத்துவிட்டது, சூடும் தெரியாது, நோவும் தெரியாது, நொந்திருந்தால் முதல்நாளே நடையை விட்டு இருந்திருப்பா, கால் தப்பியிருக்கும் என்றார். நான் எந்த நோவுக்காக நாள் முழுக்க அம்மனை ஏசிக்கொண்டிருந்தேனோ அது உமக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. முதலில் பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கிருமி அதற்கிடையில் இரத்தத்தில் ஏறிவிட்டது.

ஆசுபத்திரி வாட்டில் ஒரு பின்னேரம், கையைத் தூக்கிக் காட்டும் என்றீர். அண்ணரும் கட்டில் கால்மாட்டில் நின்றார். தூக்கினேன். அந்த நாட்களில் கை மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. அன்றைக்குக் காதைத் தாண்டி மேலே போய்விட்டது. உம்முடைய முகத்தில் வந்த சந்தோசத்தை எழுத எனக்கு ஏலாது.

"உம்மடை தோளுக்குத்தான் நேந்தனான். அம்மாளாச்சி கேட்டிட்டா."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. விசரி, என்னைக் கேட்டோ நேர்ந்தீர்? கொழுக்கி பூட்டாத சட்டையோடு திரிந்திருப்பேனே, பரட்டைத் தலையோடு கிடந்திருப்பேனே. மனதுக்குள்தான் ஏசினேன். தூக்கின கையை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். அண்ணர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கிளினிக்குக்குப் போனேன். டொக்டர்ப் பிள்ளை கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லா வந்திட்டுது அம்மா என்றா. இந்த இறுக்கம் அனேகமாக ஒன்றிரண்டு வருசத்தில் தன்பாட்டிலேயே விட்டுக்கொடுக்கும், சிலருக்குப் பிறகு மற்றத் தோளிலும் வரும், பயப்படாதேங்கோ என்றா. தன்பாட்டிலேயே. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவ சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவள் அன்றைக்கு எழும்பிச் சமைக்கவில்லை.

அதை நான் அண்ணருக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியாது, மச்சாள். உம்முடைய நேர்த்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழும்பி நடமாடினார். வருகிற ஆட்களுக்கெல்லாம், தன் தங்கச்சி காலைக் கொடுத்து இவவுக்குக் கையை வாங்கித் தந்தவள் என்று சொல்லுவார். நான் தலையாட்டுவேன். பிறகு குசினிக்குள் போய் நின்று, சும்மா இருந்திருந்தாலும் வந்திருக்குமே என்று அழுவேன். இத்தனை நாளும் அப்படித்தான் போயிற்று.

இன்றைக்குக் காலமை எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார், வருகிற கிழமை கொடியேறுகிறதாம், இடது தோளுக்குத் தானும் ஒரு நேர்த்தி வைக்கப்போகிறாராம். உம்மைப் போலவே மத்தியானத்தில், வெறுங்காலோடு, வெளிவீதி. அவருக்கும் இப்போது சலரோகம். போன மாதம் கிளினிக்கில் கண்ணை மூடச்சொல்லி, நைலோன் நூல் மாதிரி ஒன்றால் அவருடைய உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டவை. பெருவிரலில் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. அவர் அதை வயசு என்று பகிடியாக்கிவிட்டு வந்தார்.

என்ன சொல்லி மறிக்கிறது? டொக்டர் சொன்னதைச் சொன்னால், நீர் வீணாகச் செத்தீர் என்று அவருக்கு விளங்கிவிடும். சொல்லாவிட்டால் அடுத்தது அவருடைய கால். இரண்டையும் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி இருந்தேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நேராதேங்கோ" என்றேன். "இந்தத் தோள் தன்பாட்டிலை சுகம் வரும். டொக்டர் சொன்னவ."

அவருடைய கை நின்றுவிட்டது. பிறகுதான் மெல்லக் கேட்டார்.

"அப்ப வலது தோள்?"

திரும்பி அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அது மச்சாள் தந்தது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். ஓம் என்றார். நேர்த்தி வேண்டாம், மணல் குளிர்ந்து கிடக்கிற நேரம் வெள்ளனப் பூசைக்கு இரண்டுபேருமாகப் போய்வருவோம் என்றார். ஒவ்வொருநாளும் பின்னேரம் உங்கடை காலை நான் பார்ப்பன் என்றேன். அதற்கும் சரி என்றார். போத்தலை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார், செருப்புப் போட்டுக்கொண்டு.

அவர் நிம்மதியாகப் போனார். எனக்கு இனி இந்தப் பொய்யைக் கடைசிவரைக்கும் தனியே தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். இப்படியொன்று நெஞ்சில் கிடந்தால் நான் பொட்டுக்குள்ளால் வந்து சொல்லி அழுகிற ஆள் நீர் ஒருவர்தான். உமக்கும் சொல்லக்கூடாத கதை இது. ஆனாலும் சொல்லிவிட்டேன். குறை நினையாதையும்.